ஒரே வீடு, மூன்று பரப்பளவு: கூரை மதிப்பீட்டை எங்கே தொடங்குவது?

வாசகர் கேள்வி: எங்கள் வீட்டின் வெளிச்சுவர் அளவு 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். இப்போதுள்ள பழைய சிமென்ட் ஷீட் கூரையைப் பிரித்துவிட்டு, இரும்புச் சட்டத்தின் மேல் வண்ணம் பூசிய உலோக ஷீட் போட்டு, இரண்டு பக்கச் சரிவுள்ள கூரை அமைக்க விரும்புகிறோம். நீளச் சுவர்களுக்கு வெளியே 60 சென்டிமீட்டரும், முக்கோணச் சுவர்ப் பக்கங்களில் 45 சென்டிமீட்டரும் கூரை நீண்டிருக்க வேண்டும். மூன்று மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் சரிவு போதும் என்று மூன்று ஒப்பந்தக்காரர்களுமே சொன்னார்கள். ஆனால் ஒருவர் 96 சதுர மீட்டர் என்றும், இன்னொருவர் 125 என்றும், மூன்றாமவர் 136 என்றும் எழுதித் தந்திருக்கிறார்கள். யார் சொல்வது சரி? பொருள்களையும் செலவையும் நாங்களே கணக்கிட்டுப் பார்க்க வழி உண்டா? ஷீட்டுக்குப் பதிலாக ஓடு போட்டால் செலவு குறையுமா?

ஆலோசகர் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் அளவுகளைத் தெளிவாகக் குறித்திருந்ததால் நானும் காகிதத்தில் அந்தக் கூரையை வரைந்து பார்க்க முடிந்தது. முதலில் உங்களுக்கு நிம்மதி தரும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூவரில் எவரும் உங்களை ஏமாற்றியதாக இந்த எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, ஏனெனில் மூன்றுமே சரியான எண்கள்தான். அவை மூன்று வெவ்வேறு பொருள்களை அளக்கின்றன. 96 என்பது உங்கள் வெளிச்சுவர்களுக்குள் அடங்கும் தரையின் பரப்பு. 125 என்பது சுவருக்கு வெளியே நீளும் இறவாரத்தையும் சேர்த்து, சரிவின் மேல் அளந்த கூரையின் பரப்பு. 136 என்பது அந்தக் கூரையை மூடுவதற்குக் கடையில் வாங்க வேண்டிய ஷீட்டின் பரப்பு. ஆகவே ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று அவர்கள் எழுதியிருக்கும் வீதங்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பயன் தராது. 96 என்று எழுதியவரின் வீதம், 136 என்று எழுதியவரின் வீதத்தைவிட 42 சதவீதம் அதிகமாக இருந்தாலும் கடைசித் தொகை ஏறக்குறைய ஒன்றாகவே வரும்.

இந்த மூன்று எண்களும் எப்படி வருகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் கணக்கு முடிந்துவிடும். நீளம் 12 மீட்டருடன் இரு முனைகளிலும் 45 சென்டிமீட்டர் சேர்த்தால் 12.90 மீட்டர். அகலத்தில் முகட்டிலிருந்து சுவர் வரை 4 மீட்டர், அதற்கு வெளியே 60 சென்டிமீட்டர், ஆக ஒரு பக்கத்தின் கிடைத் தூரம் 4.60 மீட்டர். மூன்றுக்கு ஒன்று என்ற சரிவில் இந்தத் தூரத்துக்கு 1.53 மீட்டர் உயரம் ஏறுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோண விதிப்படி, 4.60-இன் வர்க்கத்தையும் 1.53-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சரிவின் நீளம் 4.85 மீட்டர். இதை 12.90-ஆல் பெருக்கி, இரண்டு பக்கத்துக்கு இரட்டித்தால் 125 சதுர மீட்டர் வருகிறது. சதுர அடியில் வேண்டுமென்றால் 10.764-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், ஏறத்தாழ 1,346 வரும்.

இங்கே கவனிக்க வேண்டியது, சரிவினால் கூடும் பரப்பு பலரும் அஞ்சும் அளவுக்குப் பெரிதல்ல என்பதுதான். நான்குக்கு ஒன்று என்ற சரிவில் கிடைப்பரப்பை 1.031-ஆல் பெருக்கினால் போதும். மூன்றுக்கு ஒன்றில் 1.054, இரண்டுக்கு ஒன்றில் 1.118, ஒன்றுக்கு ஒன்று என்ற 45 பாகைச் சரிவில்தான் அது 1.414 ஆகிறது. உங்கள் கூரையில் சரிவு சேர்த்தது ஐந்தரை சதவீதத்துக்கும் குறைவு. இறவாரம் சேர்த்ததோ 96-ஐ ஏறத்தாழ 119 ஆக்கிவிட்டது. வீட்டுக்காரர்கள் செலவைக் குறைக்கச் சரிவைத் தாழ்த்தச் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். அதில் மிச்சமாவது சொற்பம், மழைநீர் வடியும் வேகமோ குறைந்துவிடும். இறவாரத்தின் அளவைத்தான் யோசித்து முடிவு செய்ய வேண்டும். அதையும் சுவர் நனையும் அளவுக்குக் குறைத்துவிடக் கூடாது.

இனி 136-க்கு வருகிறேன். என் பணியில் நான் மிகவும் வலியுறுத்துவது இந்த இடத்தைத்தான்: கூரைக்கான பொருளைப் பரப்பளவிலிருந்து கணக்கிடாதீர்கள், ஷீட்டை ஒவ்வொன்றாக வரைந்து எண்ணுங்கள். கடைக்காரர் விற்பது சதுர மீட்டரை அல்ல, முழு ஷீட்டுகளை. அலைபோன்ற மேடு பள்ளமுள்ள ஒரு ஷீட்டின் மொத்த அகலம் 1.07 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஷீட்டின் ஓர மேடு இதன் ஓர மேட்டின் மேல் ஏறி உட்கார வேண்டும் என்பதால், ஒவ்வொரு ஷீட்டும் உண்மையில் மூடுவது 1 மீட்டர்தான். நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஷீட்டில் இந்த இரண்டு எண்களும் சற்று மாறலாம். தயாரிப்பாளரின் விவரத்தாளில் இரண்டும் தனித்தனியாக இருக்கும், இரண்டையும் கேட்டு வாங்குங்கள். 12.90 மீட்டரை மூடப் பன்னிரண்டு ஷீட் போட்டால் 12.07 மீட்டர்தான் எட்டும், ஆகவே பதின்மூன்று. இரண்டு பக்கத்துக்கும் 26 ஷீட். இறவார ஓரத்தில் மழைநீரைப் பிடிக்கும் வாய்க்காலான கட்டருக்குள் தண்ணீர் விழ ஷீட்டின் நுனி சற்று வெளியே நீள வேண்டும், முகட்டில் சிறு இடைவெளி விட வேண்டும். இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு ஷீட்டின் நீளத்தை 4.90 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், 26 ஷீட்டின் பரப்பு 136 சதுர மீட்டர்.

வரைந்து எண்ணுவதால் கிடைக்கும் பயன் ஒன்றைப் பாருங்கள். பதின்மூன்று ஷீட்டும் சேர்ந்து மூடுவது 13.07 மீட்டர். உங்களுக்குத் தேவை 12.90 மட்டுமே. அதாவது ஒரு பைசா கூடுதல் இல்லாமல் இரு முனைகளிலும் இறவாரத்தை 45-க்குப் பதிலாக 50 சென்டிமீட்டர் ஆக்கிக்கொள்ளலாம், கடைசி ஷீட்டை நீளவாக்கில் வெட்டும் வேலையும் அதனால் வரும் துருவும் ஏறக்குறைய இல்லாமல் போகும். ஆனால் யாராவது 60 சென்டிமீட்டராக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டால் நீளம் 13.20 ஆகிவிடும்; அப்போது பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முழு ஷீட் கூடுதலாக வாங்கி, அவற்றில் பெரும்பகுதியை வெட்டி எறிய நேரும். பரப்பளவை மட்டும் பார்க்கும் கணக்கில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

நீளத்திலும் இதே எச்சரிக்கை தேவை. 4.90 மீட்டர் ஒரே துண்டாக வெட்டித் தரச் சொல்லி ஆர்டர் கொடுக்க முடிந்தால் அதையே செய்யுங்கள். கையிருப்பில் உள்ள 3 மீட்டர் ஷீட்டுகளை வைத்துச் சமாளிக்கலாம் என்று ஒருவர் சொன்னால், ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு ஷீட் வேண்டும், நடுவில் 20 சென்டிமீட்டராவது ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும், மீதி வீணாகும். அப்போது வாங்கும் பரப்பு ஏறத்தாழ 167 சதுர மீட்டர் ஆகிறது. இது 22 சதவீதம் அதிகம் என்பதோடு, கூரையின் நடுவில் குறுக்கே ஒரு மூட்டு வரியையும் நீங்களே விலை கொடுத்து வாங்கியதாகும். குறைந்த சரிவில், காற்றோடு வரும் மழை அந்த மூட்டைத்தான் முதலில் சோதிக்கும்.

பொதுவாகச் சேதாரத்துக்கு ஐந்து முதல் பத்து சதவீதம் சேர்க்க வேண்டும் என்று சொல்வார்கள். நான்கு பக்கச் சரிவுகளும், இரண்டு சரிவுகள் உள்நோக்கிச் சந்திக்கும் பள்ள வரிகளும் உள்ள கூரைகளில் ஷீட்டைக் கோணலாக வெட்ட வேண்டியிருப்பதால் அது பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை போகும். உங்களுடையது எளிய இருபக்கச் சரிவு. ஷீட்டை எண்ணியே கணக்கிட்டுவிட்டதால் சேதாரம் ஏற்கெனவே அந்த 26-க்குள் இருக்கிறது. அதன் மேல் மறுபடியும் பத்து சதவீதம் எழுதியிருந்தால் காரணம் கேளுங்கள். போக்குவரத்தில் நசுங்கினால் மாற்ற ஒரே ஒரு ஷீட் கூடுதலாக வைத்திருப்பதை மட்டும் நான் ஏற்பேன், குறிப்பாகப் பின்னாளில் அதே வண்ணம் கிடைக்காமல் போகக்கூடும் என்பதால்.

ஷீட்டின் கனத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 0.50 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தால், அது வெறும் எஃகின் கனமா, துத்தநாகப் பூச்சும் வண்ணமும் சேர்ந்த கனமா என்று கேளுங்கள். சேர்த்துச் சொல்லப்பட்டதென்றால் உள்ளே இருக்கும் எஃகு 0.45 அல்லது அதற்கும் குறைவாக இருக்கலாம். இதைச் சரிபார்க்க ஒரு தராசு போதும். எஃகின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 7,850 கிலோ, எனவே 0.50 மில்லிமீட்டர் கனமுள்ள தட்டையான தகடு ஒரு சதுர மீட்டருக்கு 3.93 கிலோ இருக்கும். மேடு பள்ளம் அழுத்துவதற்கு முன் அந்தத் தகட்டின் அகலம் 1.22 மீட்டர் என்றால், 4.90 மீட்டர் நீள ஷீட்டில் எஃகு மட்டும் 23.5 கிலோ வர வேண்டும். 0.45 என்றால் 21 கிலோ, 0.40 என்றால் 19 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பூச்சு இதன் மேல் ஒன்று முதல் இரண்டு கிலோ வரை கூட்டும். வண்டியிலிருந்து இறங்கும் ஷீட்டுகளில் நான்கைந்தை எடுத்து எடை போட்டுப் பாருங்கள்; நல்ல விற்பனையாளர் இதற்கு வருத்தப்பட மாட்டார். பூச்சின் அளவும் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று விவரத்தாளில் இருக்கும். துத்தநாகப் பூச்சு 275 கிராம் என்றால் அது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்த கணக்கு. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 19 மைக்ரான் கனம். கூரையின் ஆயுளைத் தீர்மானிப்பதில் மேலே தெரியும் வண்ணத்தைவிட இந்த மெல்லிய படலத்துக்குப் பங்கு அதிகம்.

அடுத்தது இரும்புச் சட்டம். உங்கள் கடிதத்தில் இதைப் பற்றிக் கேள்வியே இல்லை, ஆனால் மூன்று மதிப்பீடுகளுக்கும் இடையில் பெரிய வேறுபாடு ஒளிந்திருப்பது பெரும்பாலும் இங்கேதான். கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டமான ட்ரஸ்ஸுக்கும், அதன் மேல் குறுக்கே ஓடி ஷீட்டைத் தாங்கும் பர்லினுக்கும் எந்த அளவுக் குழாய் என்பதை உங்கள் பகுதியின் காற்று வேகத்தையும் சுவரின் வலிமையையும் பார்த்து ஒரு கட்டமைப்புப் பொறியாளர் சொல்ல வேண்டும். அதை நான் தொலைவிலிருந்து சொல்வது முறையல்ல. லேசான ஷீட் கூரைக்குப் பெரிய ஆபத்து அதன் எடையால் வருவதில்லை, காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சி இழுப்பதால் வருகிறது. இறவார ஓரம், முகடு, மூலைகள் ஆகிய இடங்களில் அந்த இழுப்பு மிக அதிகம். ஆகவே ட்ரஸ்ஸின் கீழே வைக்கும் பேஸ் பிளேட்டும், சுவரின் மேல் ஓடும் கான்கிரீட் வளையத்துக்குள் அதைப் பிடித்து நிறுத்தும் ஆங்கர் போல்ட்டும் மதிப்பீட்டில் எண்ணிக்கையோடு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அளவைக் கணக்கிடும் முறையை மட்டும் காட்டுகிறேன். ட்ரஸ்ஸுகள் 3 மீட்டருக்கு ஒன்று என்றால் 12 மீட்டரில் நான்கு இடைவெளிகள், ஆனால் ஐந்து ட்ரஸ்ஸுகள். பர்லினிலும் இதே நிலைதான். ஷீட் தயாரிப்பாளர் அதிகபட்சம் 1.20 மீட்டர் இடைவெளி என்கிறார் என்று வைத்துக்கொண்டு 4.85-ஐ 1.20-ஆல் வகுத்தால் நான்கு என்று வரும். நான்கு வரிசை என்று எழுதிவிடுவார்கள். இறவார நுனியிலிருந்து 10 சென்டிமீட்டரில் முதல் வரிசையும் முகட்டிலிருந்து 15 சென்டிமீட்டரில் கடைசி வரிசையும் வைத்து, நடுவில் உள்ள 4.60 மீட்டரை நான்கு சம இடைவெளியாகப் பிரித்தால் வரிசைகள் ஐந்து. இரு பக்கத்துக்கும் பத்து வரிசை, வரிசைக்கு 12.90 மீட்டர், மொத்தம் 129 மீட்டர். இடைவெளியை எண்ணிவிட்டு வரிசையை எண்ணாமல் விட்டால் 25.80 மீட்டர் குழாய் கணக்கிலிருந்து விழுந்துவிடும்; பிறகு வேலைக்கு நடுவில் அது கூடுதல் செலவாகத் தலைகாட்டும், அல்லது இடைவெளியை அகட்டிச் சமாளித்துவிடுவார்கள். இரண்டாவது வழியால் வரும் கேடு, யாராவது ஷீட்டின் மேல் கால் வைக்கும்போதுதான் தெரியவரும்.

129 மீட்டரைக் கடையில் கிடைக்கும் 6 மீட்டர் குழாயாக எண்ணினால் 22 குழாய் போதும் என்று தோன்றும். ஆனால் பர்லினின் மூட்டு ட்ரஸ்ஸின் மேல் விழ வேண்டும் என்று பொறியாளர் சொன்னால், ஒரு வரிசை 3.45, 6, 3.45 என்ற மூன்று துண்டுகளால் ஆகும். ஒவ்வொரு 3.45-க்கும் ஒரு முழுக் குழாயை வெட்ட வேண்டும், 2.55 மீட்டர் துண்டு மிஞ்சும். ஆக 30 குழாய், கூடவே இருபது வெட்டுத் துண்டுகள். அந்த இருபதும் சேர்ந்தால் 51 மீட்டர். அவற்றை ட்ரஸ்ஸின் உள்ளே வரும் செங்குத்து, சாய்வுச் சட்டங்களுக்குப் பயன்படுத்தும்படி முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துவிட்டால் பெரும்பகுதி வீணாகாது. குறிக்காவிட்டால் வீட்டின் பின்புறம் துருப்பிடித்துக் கிடக்கும். நல்ல மேஸ்திரி வெட்டும் பட்டியலை முதலில் எழுதிவிட்டுத்தான் குழாய்க்கு ஆள் அனுப்புவார்.

இரும்பைச் சதுர மீட்டர் வீதத்தில் பேசாமல் எடையில் பேசுவதே நல்லது. 50-க்கு 50 மில்லிமீட்டர் சதுரக் குழாய், சுவர்க் கனம் 2 மில்லிமீட்டர் என்றால் ஒரு மீட்டருக்கு 3.01 கிலோ. அதே வெளி அளவில் கனம் 1.6 என்றால் 2.43 கிலோ. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எடையில் 19 சதவீதம் குறைவு, வலிமையிலும் ஏறக்குறைய அதே அளவு குறைவு. மொத்த விலையில் யார் கம்மி என்று மட்டும் பார்த்தால் மெல்லிய குழாய் எழுதியவர்தான் முன்னால் வருவார். ஒவ்வொரு மதிப்பீட்டிலும் குழாயின் வெளி அளவு, கனம், மொத்த நீளம், மொத்த எடை ஆகிய நான்கும் இருக்கும்படி எழுதி வாங்குங்கள். வெல்டிங் செய்யும் இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும் என்பதால், அந்த இடங்களைச் சுத்தம் செய்து துருத்தடுப்பு பிரைமர் பூசும் வேலையும் அதில் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

சிறு பொருள்களை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஆனால் கூரை ஒழுகுவது பெரும்பாலும் அவற்றால்தான். ஒவ்வொரு ஷீட்டும் ஒவ்வொரு பர்லினைக் கடக்கும் இடத்தில் நான்கு ஸ்க்ரூ வீதம் 26 ஷீட், ஐந்து வரிசை என்றால் 520. பக்கத்து ஷீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரங்களை அரை மீட்டருக்கு ஒன்றாகத் தைக்க மேலும் ஏறக்குறைய 240. முகடு, ஓரத் தகடுகளுக்கு நூறுக்கு மேல். ஆக 900 அளவில் வருகிறது. 1,000 வாங்கினால் போதும். ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் வெயிலில் வெடிக்காத தரமாக இருப்பது மிக முக்கியம். மொத்தச் செலவில் ஸ்க்ரூவின் பங்கு மிகச் சிறியது, அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். துளையிடும்போது விழும் இரும்புத் தூளை அன்றன்றே பெருக்கிவிட வேண்டும், இல்லையென்றால் முதல் மழையிலேயே ஷீட்டின் மேல் துருப்புள்ளிகள் தோன்றும்.

முகட்டுத் தகடு 12.90 மீட்டருக்கு, 3 மீட்டர் துண்டில் 15 சென்டிமீட்டர் ஏற்றம் போக ஐந்து துண்டுகள். முக்கோணப் பக்க ஓரத் தகடு நான்கு சரிவு ஓரங்களுக்கும் இரண்டிரண்டாக எட்டு. கட்டர் இரண்டு பக்கமும் சேர்த்து 25.80 மீட்டர். கட்டரின் அளவை முடிவு செய்ய ஓர் எளிய உண்மை உதவும்: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் கூரையின் ஒரு பக்கம் மேலிருந்து பார்த்தால் 59 சதுர மீட்டர். மணிக்கு 100 மில்லிமீட்டர் வீதத்தில் கொட்டும் மழையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 99 லிட்டர் அந்த ஒரு கட்டரில் இறங்கும். ஒரே ஒரு மெல்லிய குழாயை ஒரு மூலையில் வைத்து இதை வடிக்க முடியாது. இரு முனையிலும் இறங்கு குழாய் கேளுங்கள்.

ஓடு போடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு ஓடு உண்மையில் மூடும் பரப்பு 30-க்கு 22 சென்டிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 15 ஓடு. உங்கள் கூரைக்கு உடைசலையும் சேர்த்து இரண்டாயிரத்துக்கும் மேல். உங்கள் ஷீட்டுகள் எல்லாம் சேர்ந்து 600 கிலோ அளவில் இருக்கும். களிமண் ஓடு சதுர மீட்டருக்கு 40 கிலோ என்று கொண்டால்கூட 5,000 கிலோ ஆகும், மழையில் நனைந்தால் இன்னும் கூடும். அதைத் தாங்கச் சட்டம் முழுவதும் வேறாக அமைய வேண்டும், சரிவும் இதைவிடச் செங்குத்தாக வேண்டும். ஓட்டின் கீழ் வெயில் குறைவாகத் தெரியும், மழைச் சத்தமும் குறைவாக இருக்கும். அந்த நன்மைகளுக்காக அதைத் தேர்ந்தெடுக்கலாம். செலவைக் குறைப்பதற்காக வேண்டாம். ஷீட்டின் வெப்பமும் சத்தமும் உங்களுக்குக் கவலை என்றால், அடியில் வெப்பத் தடுப்பு விரிப்பு போடுவதை இப்போதே மதிப்பீட்டில் சேருங்கள். ஷீட்டை மாட்டிய பிறகு அதைச் செய்வது பலமடங்கு சிரமம்.

உங்கள் செலவுக் கணக்கில் இன்னும் எழுதப்படாத பெரிய வரி ஒன்று இருக்கிறது, அது பழைய கூரையைப் பிரிப்பது. பழைய சிமென்ட் ஷீட்டுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்பு அதிகம். கல்நார் இழை நுரையீரல் புற்றுநோயையும் நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. ஆகவே அந்த ஷீட்டுகளை உடைக்கவோ, அறுக்கவோ, மேலிருந்து தூக்கி எறியவோ ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுத் துண்டாக இறக்கி, கனமான பிளாஸ்டிக் தாளில் சுற்றி, உள்ளாட்சி சொல்லும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். வேலை செய்பவர்களுக்கு நுண்துகள் தடுக்கும் முகக்கவசம் வேண்டும். வீட்டில் குழந்தைகளும் முதியவர்களும் அன்று இருக்கக் கூடாது. பழைய ஷீட்டின் மேல் ஏறி நடப்பதும் ஆபத்து, எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. இதற்கெல்லாம் ஆகும் செலவை எழுதாத மதிப்பீடு, இதைச் செய்யப்போவதில்லை என்று சொல்லும் மதிப்பீடு. என்னைப் பொறுத்தவரை உங்கள் குடும்பத்துக்கு இந்தப் பத்தியே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது.

கூலியைத் தவிரச் சாரம், பொருளை மேலே ஏற்றுதல், உயரத்தில் வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்புக் கயிறு, போக்குவரத்து, வரி ஆகியவை யாருடைய பொறுப்பு என்று தனித்தனியாகக் கேளுங்கள். எதிர்பாராச் செலவுக்குப் புதுக் கட்டடத்தில் பத்து சதவீதம் ஒதுக்கச் சொல்வேன். உங்களுடையது பழைய கூரையைப் பிரிக்கும் வேலை. சுவரின் மேல்பகுதி எப்படி இருக்கிறது என்பது பிரித்த பிறகுதான் தெரியும் என்பதால் பதினைந்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். அந்தத் தொகையை ஒப்பந்தக்காரரிடம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு அனுபவத்தையும் பகிர்ந்துகொள்கிறேன். இந்தத் தொழிலில் நான் நுழைந்த புதிதில், சுவரளவை நம்பி ஷீட்டுகளை முன்பே வெட்டி வரவழைத்துவிட்டேன். சட்டம் ஏறிய பிறகு பார்த்தால் வீட்டின் மூலைகள் செங்கோணமாக இல்லை. ஒரு முனையில் ஷீட் நீண்டும் மறுமுனையில் குறைந்தும் நின்றது. குறைந்த பக்கத்தில் கட்டருக்கும் ஷீட்டுக்கும் இடையே தண்ணீர் சுவரில் இறங்கியது, அந்த வரிசை ஷீட்டுகளை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து இரண்டு பழக்கங்களை விட்டதில்லை. ஒன்று, தொடக்கத்திலேயே இரண்டு மூலைவிட்டங்களையும் அளப்பது. உங்கள் வீட்டில் இரண்டும் 14.42 மீட்டர் இருக்க வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு வந்தால் வீடு அந்த அளவுக்குக் கோணல், இறவாரத்தின் அளவை வைத்து அதைச் சரிக்கட்ட வேண்டும். மற்றது, பர்லின் முழுவதும் பொருத்தி முடித்த பிறகு சரிவின் நீளத்தைப் பல இடங்களில் அளந்து, அதன் பின்பே ஷீட்டுக்கு ஆர்டர் கொடுப்பது. சில நாள் தாமதமாகும், பரவாயில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, மேலே நான் கணக்கிட்டபடி பொருள்களின் பட்டியலை நீங்களே ஒரு தாளில் எழுதி, விலை இடத்தை வெற்றாக விட்டு, மூவரிடமும் அதே தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வது. 26 ஷீட், ஒவ்வொன்றும் 4.90 மீட்டர், எஃகின் கனம் இவ்வளவு, பூச்சு இத்தனை கிராம் என்று தொடங்கிக் கடைசி ஸ்க்ரூ வரை. பிறகு பழைய கூரை பிரித்தல், அகற்றல், சாரம், கூலி. எண்ணிக்கையில் அவர்களுக்கு மாறுபாடு இருந்தால் பக்கத்தில் காரணத்தோடு எழுதட்டும். உங்கள் வீட்டை நேரில் பார்த்தவர்கள் அவர்கள், நான் கவனிக்காத ஒன்று அவர்கள் கண்ணில் பட்டிருக்கலாம். பணத்தையும் இந்தத் தாளின் வரிசைப்படியே பிரித்துக் கொடுங்கள்: இரும்பு வந்து எடை பார்த்த பின் ஒரு பகுதி, சட்டம் முடிந்த பின் ஒரு பகுதி, ஷீட் இறங்கிய பின் ஒரு பகுதி, கடைசித் தவணை தண்ணீர் பீய்ச்சிச் சோதித்த பிறகு.

96 என்று எழுதியவரிடம் மட்டும் ஒரு கேள்வியைத் தனியாகக் கேட்டு, பதிலைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். சுவருக்கு வெளியே நீளும் இறவாரமும் சரிவும் உங்கள் தொகைக்குள் அடக்கமா, இல்லை அந்த 29 சதுர மீட்டருக்குப் பிறகு தனியாகப் பணம் கேட்பீர்களா என்பதே அந்தக் கேள்வி. அடக்கம் என்று எழுதித் தந்தால் அவருடைய மதிப்பீட்டையும் மற்ற இரண்டோடு சமமாக வைத்துப் பாருங்கள்.